வாங்கிப் படித்தவர்கள்: பாயான் பாரு வாசகர்களுக்குப் பதில்கள்

இந்த முறை பினாங்கின் பாயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ் வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வந்தன. உபகாரச் சம்பளம் வாங்கிப் படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள், பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த முறை பார்ப்போம். இந்தப் பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: உபகாரச் சம்பளம் வாங்கிப் படித்தவர் வாழ்நாள் முழுக்கக் கடன்காரரா?
(பொறியியலாளர், பாயான் பாரு)

பதில்: ஒப்பந்தம் இருந்தால், அதில் எழுதியிருக்கும் ஆண்டு வரைக்கும் கடன்காரர். அதற்குப் பிறகு சட்டப்படி உங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தபிறகும் நீங்களாகவே கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் நல்ல ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: உதவித்தொகை வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்த தமிழர் என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருபவர் யார்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், குளுகோர்)

பதில்: கணிதமேதை ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு, இருந்த உதவித்தொகையையும் பறிகொடுத்தவர் அவர். பிறகு சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்த பிறகுதான் வயிற்றுக் கவலையில்லாமல் கணக்குப் போட முடிந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

1919 ஜனவரி. இங்கிலாந்தில் உடல்நலம் கெட்டுப் படுத்திருக்கிறார். ஊர் திரும்பியதும் ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகப் பல்கலைக்கழகம் முடிவெடுத்த செய்தி வருகிறது. அவர் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இவ்வளவு பணம் எனக்கு வேண்டியிருக்காது, பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுங்கள், என் தேவை போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடுங்கள் என்பது அதன் சாரம். அதன்பின் அவர் பதினைந்து மாதம்தான் உயிரோடு இருந்தார்.

பொத்தாம்பொதுவாகக் 'கல்விப் பணிக்கு' என்று எழுதியிருக்கலாம். அவர் கட்டணத்தையும் புத்தகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கட்டணம் கட்ட முடியாத மாணவனின் நிலையை அனுபவித்தவர் என்பதால்தான் அப்படி எழுதினார் என்று நினைக்கிறேன். வீட்டுக் கடன் முடியட்டும், கார்க் கடன் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள், நோய்ப்படுக்கையில் எழுதிய அந்தக் கடிதத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். இந்தத் தொழிற்பேட்டைக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு கூட்டத்தில் பேசினீர்களாமே?
(தயாரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர், சுங்கை ஆரா)

பதில்: உண்டு. நீங்கள் வேலைக்குப் போகிற நெடுஞ்சாலையின் பெயரிலேயே இருக்கிறது. துன் டாக்டர் லிம் சொங் இயூ பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். அரசியார் உபகாரச் சம்பளம் என்ற பழைய பரிசை வென்று எடின்பரோவுக்குப் போய் 1944இல் டாக்டரானார். அந்த உபகாரச் சம்பளம் 1885இல் தொடங்கியது. நீரிணைக் குடியேற்றங்கள் முழுவதற்கும் ஆண்டுக்கு ஓரிருவருக்குத்தான் கிடைக்கும்.

1969இல் அவர் முதலமைச்சர் ஆனபோது ஜார்ஜ்டவுன் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்திருந்தது. ஊரில் வேலையில்லாத் திண்டாட்டம். 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. அதே ஆண்டு இன்டெல் வந்தது. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் காலத்திலேயே 1989இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், அதாவது பி.எஸ்.டி.சி. ஒன்றோடொன்று போட்டி போடும் நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டன. பாயான் பாருவில் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் இருக்கிறது. அரசு, தொழில் நிறுவனங்கள், கல்வியாளர்கள் மூவரும் சேர்ந்து நடத்தும் மையம். ஒருவரே எல்லாவற்றையும் செய்தார் என்று சொல்வது அதற்காக உழைத்த பலருக்கு அநியாயம். ஆனால் பொதுப் பணத்தில் படித்துத் திரும்பிய ஒருவர் ஊருக்கு வேலையும் கொண்டுவந்து, அந்த வேலைக்கு வேண்டிய படிப்புக்கும் இடம் பண்ண முடியும் என்பதற்கு உங்கள் தொழிற்பேட்டைதான் சாட்சி.

கேள்வி: அரசாங்கச் செலவில் படித்துவிட்டு வெளிநாட்டில் தங்கிவிட்டவர்களைத் துரோகிகள் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
(வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: ஒப்பந்தத்தை மீறி ஓடியவர் தவறு செய்தவர். அதில் மாற்றுக் கருத்து இல்லை. மற்றவர்களைத் திட்டுவதற்கு முன் டாக்டர் வூ லியென் தேயைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

1879இல் பினாங்கில் பிறந்தவர். அதே ஃப்ரீ ஸ்கூல், அதே அரசியார் உபகாரச் சம்பளம், 1896இல் கேம்பிரிட்ஜ். டாக்டராகத் திரும்பி வந்தவருக்குக் காலனி அரசின் மருத்துவத் துறையில் உயர் பதவிக்கு வழியில்லை. அந்த நாற்காலிகள் வெள்ளைக்காரர்களுக்கு. பினாங்கில் சொந்தமாக மருத்துவம் பார்த்தார். அபின் வியாபாரத்தை எதிர்த்துப் போராடினார், அதனால் தொல்லைகளும் பட்டார். சீனா கூப்பிட்டது, போனார். 1910-11 மஞ்சூரியா கொள்ளைநோய் சுமார் 60,000 பேரைக் கொன்றது. அது காற்றின் வழியே பரவுகிறது என்று சொல்லித் துணி முகக்கவசம் அணிய வைத்து நோயைக் கட்டுப்படுத்தியவர் இவர். 1935இல் நோபல் பரிசுக்கு இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1937இல் மலாயா திரும்பி ஈப்போவில் சாதாரண டாக்டராக வேலை பார்த்தார். ஊர் ஊராக நன்கொடை கேட்டு அங்கே ஒரு பொது நூலகம் அமையப் பாடுபட்டார். அதுதான் இன்றைய துன் ரசாக் நூலகம். 1960இல் பினாங்கில் காலமானார்.

போனவரை மட்டும் விசாரித்தால் போதாது. அவர் போகும்படி விட்ட ஊரையும் விசாரிக்க வேண்டும். இன்று சிங்கப்பூரிலோ மெல்பர்னிலோ இருக்கிற பட்டதாரி, வாரம் ஒரு மணி நேரம் வீடியோ அழைப்பில் பாயான் பாருப் பிள்ளைக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுத்தால் அவர் ஊரைவிட்டுப் போனவர் என்று நான் எண்ண மாட்டேன்.

கேள்வி: பி.டி.பி.டி.என். கடனை ஏன் கட்ட வேண்டும்? அரசாங்கத்திடம் இல்லாத பணமா?
(இளம் பட்டதாரி, ரெலாவ்)

பதில்: கட்டுங்கள் தம்பி. அது 1997இல் தொடங்கிய உயர்கல்விக் கடன் நிதி. நீங்கள் கட்டுவது அடுத்த பிள்ளைக்கு. வேலை இல்லையென்றால், சம்பளம் போதவில்லையென்றால், அலுவலகத்துக்குப் போய்த் தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் அவமானம் இல்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே கட்டாமல் இருப்பவர் மேடையேறிச் சமூக சேவை பேசினால் நான் கைதட்ட மாட்டேன்.

கேள்வி: நம் இனத்தில் பணக்காரர்கள் கொடுப்பதில்லை. பிறகு எப்படி முன்னேறுவது?
(கடைக்காரர், பாயான் பாரு)

பதில்: பணக்காரர்களுக்காகக் காத்திருந்தா இதுவரை வந்தோம்? 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி கேட்டபோது ஆளுக்கு ஒரு வெள்ளியென்று கொடுத்தவர்களில் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்க இடம் வேண்டும் என்பதற்கான நிதி அது. தங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் பல்கலைக்கழக வாசலை மிதிப்பார்கள் என்று அந்த மனிதர்கள் கணக்குப் பார்க்கவில்லை. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வந்தது. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் எத்தனை பள்ளிகளில் ஆசிரியர்களாக இருந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது துன் வீ.தி. சம்பந்தன் லயம் லயமாக நடந்தார். மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தவர்களால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. முதலில் வாங்கிய தோட்டம் இங்கிருந்து தொலைவில் இல்லை, கெடாவின் புக்கிட் சீடிம். அந்தச் சங்கம் இன்றுவரை உறுப்பினர்களின் பிள்ளைகள் படிப்புக்கு உதவி வருகிறது.

பாயான் பாருவில் இன்று ஒரு பொறியியலாளரின் ஒரு நாள் சம்பளம், அன்றைக்கு ஒரு பால்மரத் தொழிலாளி மாதம் முழுக்க உழைத்தும் பார்த்திராத காசு. உங்கள் கேள்வியை நமக்குள்ளேயே இருக்கும் நடுத்தர வர்க்கத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் நடிகர் சூர்யாவின் அகரம் போல நமக்கும் ஒன்று வேண்டாமா?
(கல்லூரி மாணவி, பாயான் பாரு)

பதில்: அகரம் 2006இல் தொடங்கியது. அதன் 'விதை' திட்டம் 2010இல் வந்தது. அதில் படித்து டாக்டரும் பொறியியலாளரும் ஆனவர்கள் பலர். அவர்களே தொண்டர்களாகத் திரும்பி வந்து அடுத்த பிள்ளைகளுக்குத் துணையாக நிற்கிறார்கள். அதைப் பார்த்து நீங்கள் நெகிழ்ந்தது நியாயம்.

ஆனால் தங்கச்சி, நம்மிடம் அதைவிட இருபத்துநான்கு வருடம் மூத்தது ஒன்று இருக்கிறது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம். பல்கலைக்கழக மாணவர்களைத் தொண்டர்களாகச் சேர்த்து, வார இறுதியில் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த வைத்தார். அங்கே படித்த பிள்ளை பல்கலைக்கழகம் போகும், போனதும் அங்கேயே வந்து பாடம் நடத்தும். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துமலையில் அவர்கள் நடத்தும் கல்வி யாத்திரைக்குப் பிள்ளைகள் பெற்றோரோடு போவதைப் பார்த்திருப்பீர்கள்.

இதில் நான் மதிப்பது ஒன்று. போன வருடம் எஸ்.டி.பி.எம். எழுதியவர், இந்த வருடம் எழுதப்போகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். எந்தப் பாடத்தில் சறுக்கும், எந்தக் கேள்விக்குப் பயப்படத் தேவையில்லை, எந்த ஆசிரியரிடம் போய் நிற்கலாம் என்பது அவருக்குச் சூடு ஆறாமல் நினைவிருக்கும். முப்பது வருட அனுபவசாலியால் அதைக் கொடுக்க முடியாது. நீங்கள் கல்லூரியில் இருக்கும்போதே தொடங்குங்கள். வேலை கிடைத்தபிறகு என்று வைத்தால் இந்தப் பலம் போய்விடும்.

கேள்வி: மாதம் நூறு வெள்ளி கொடுக்க முடியும். நேரம் கொடுக்க முடியாது. போதுமா?
(மென்பொருள் பொறியியலாளர், பாயான் பாரு)

பதில்: நூறு வெள்ளியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளையின் பஸ் காசும் பயிற்சிப் புத்தகமும் அது. கொடுங்கள், தவறாமல் கொடுங்கள்.

ஆனால் என்னிடம் கேட்டால், பாயான் பாருவில் இன்று காசைவிட அரிதாக இருப்பது ஆள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கிற பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இடைநிலைப்பள்ளி. பாட மொழி மாறுகிறது, தோழர்கள் மாறுகிறார்கள், சில பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கழிக்கிறார்கள். வகுப்பில் புரியாததைக் கைதூக்கிக் கேட்க மலாய் வாயில் வராமல் பின் வரிசைக்குப் போய்விடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இலும் படிவம் மூன்றுத் தேர்வான பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டபின், பிள்ளை எங்கே நிற்கிறது என்பது படிவம் ஐந்து வரை வீட்டில் யாருக்கும் தெரியாமல் போன குடும்பங்கள் உண்டு.

பிறகு படிவம் நான்கில் பாடம் தேர்ந்தெடுக்கும் நேரம். கூடுதல் கணிதம் கஷ்டம் என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் பிள்ளை அதை விட்டுவிடும். பதினாறு வயதில் விட்ட அந்த ஒரு பாடத்தால் பொறியியல் படிப்பின் பல கதவுகள் மூடிவிட்டன என்பது பதினெட்டு வயதில்தான் தெரியவரும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள். லாரி ஓட்டுநரின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? படிவம் ஒன்றில் ஒரு சந்திப்பு, படிவம் மூன்று முடிவில் ஒன்று, எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் ஒன்று. நடுவில் மாதம் ஒரு போன். அவ்வளவு நேரம்கூட இல்லாத பொறியியலாளர் யாரும் இல்லை. நூறு வெள்ளியோடு அந்தப் போனையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் மூலம் ஒருவருக்கு வேலைக்கு வழி காட்டினால், தகுதியுள்ள இன்னொருவருக்கு அநியாயம் ஆகாதா?
(மனிதவள அதிகாரி, பாயான் லெப்பாஸ்)

பதில்: தகுதியில்லாதவரை உள்ளே தள்ளினால் அநியாயம். இடம் இருக்கிறது என்ற செய்தியைத் தகுதியுள்ளவர் காதில் போடுவது நியாயத்தைச் சரிசெய்வது.

தொழிற்பயிற்சிக்கு எப்போது எழுத வேண்டும், தன்விவரக் குறிப்பில் எதை முதலில் போட வேண்டும், நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் சில வீடுகளில் இரவுச் சாப்பாட்டின்போது காதில் விழுகிற பேச்சு. நம் வீடுகள் பலவற்றில் அது இல்லை. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் பழைய மாணவர்களுக்கு 1923 முதல் சங்கம் இருக்கிறது. அந்தப் பள்ளி தொடங்கிய 1816ஆம் ஆண்டிலேயே அங்கே தமிழ் வகுப்பும் இருந்தது என்றுதான் 2016இல் இந்நாட்டுத் தமிழ்க் கல்விக்கு 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். தமிழ் வகுப்புக்கு இருநூறு வயது, பழைய மாணவர் பட்டியலுக்கு இருபது வயதுகூட இல்லை என்றால் அது நம் குறை.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படித்தவர் யார், எந்த நிறுவனத்தில் என்ன வேலையில் இருக்கிறார், எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார் என்று ஒரு பட்டியல் வேண்டும். அவர்கள் சம்மதத்தோடு, வருடா வருடம் திருத்தி, பொறுப்பான ஒருவரிடம் இருக்க வேண்டும். பிள்ளை கேட்டதும் 'இந்த அக்காவிடம் பேசு' என்று ஒரு எண்ணைக் கொடுக்க முடிந்தால் போதும். மனிதவளத்தில் இருக்கிற நீங்கள் இதைத் தொடங்க மிகப் பொருத்தமானவர்.

கேள்வி: கல்வி நிதி வழங்கும் விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். போகலாமா?
(நன்கொடையாளர், ஜார்ஜ்டவுன்)

பதில்: போங்கள். ஆனால் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பணம் பல்கலைக்கழகப் பதிவு நாளுக்கு முன்னால் பிள்ளையின் கையில் சேருமா? கோத்தா கினபாலுவில் இடம் கிடைத்த பாயான் பாருப் பிள்ளைக்கு விமான டிக்கெட், விடுதி முன்பணம், மடிக்கணினி எல்லாம் அந்த ஒரு வாரத்தில் வேண்டும். விழா மூன்று மாதம் கழித்து என்றால் பிள்ளையின் அப்பா அதற்குள் வட்டிக்கு வாங்கியிருப்பார். இரண்டாவது, பெரிய அட்டைக் காசோலையோடு பிள்ளையை நிறுத்தி, குடும்ப வறுமையை ஒலிபெருக்கியில் வாசிப்பார்களா? வாசிப்பார்கள் என்றால் வேண்டாமென்று உரிமையோடு சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் நாளை திரும்பி வந்து உதவ வேண்டியவர்கள். கூனிக்குறுகி வாங்கிய இடத்துக்கு யாரும் திரும்பி வருவதில்லை.

கேள்வி: வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ என்று உதவிக்கு விண்ணப்பிக்கக் கூச்சமாக இருக்கிறது.
(படிவம் ஐந்து மாணவி, சுங்கை ஆரா)

பதில்: தங்கச்சி, நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுல்தானின் மகன். அவரே கெடா மாநில அரசின் உபகாரச் சம்பளத்தில்தான் கேம்பிரிட்ஜ் போனார். அரண்மனைப் பிள்ளைக்கு இல்லாத கூச்சம் உனக்கு எதற்கு? விண்ணப்பப் பாரத்தை இன்றே பூர்த்தி செய். எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டுமென்றால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கொண்டுபோ. உன் மதிப்பெண்ணை வைத்துத்தான் உன்னைப் பார்ப்பார்கள்.

கேள்வி: நான் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர், ஷிஃப்ட் வேலை. மகள் எஸ்.பி.எம். எழுதுகிறாள். எங்கே போய்க் கேட்பது என்றே தெரியவில்லை.
(தாய், பாயான் பாரு)

பதில்: அம்மா, முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே ஐ.சி., பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். பாதிப் பேர் தகுதி இருந்தும் காகிதம் இல்லாமல் கடைசி நாளைத் தவறவிடுகிறார்கள்.

சிறந்த முடிவு வந்தால் பொதுச் சேவைத் துறை, அதாவது ஜே.பி.ஏ., இருக்கிறது. 1966இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியம் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறது. மாநிலத்தில் 2015இல் வந்த பினாங்கு எதிர்கால அறவாரியத்தின் உபகாரச் சம்பளம் இருக்கிறது. படித்து முடித்துப் பினாங்கிலேயே வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை, உங்களுக்கு அது நல்லதுதான். பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவுகிறது. நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் அப்பா அம்மா யாராவது உறுப்பினராக இருந்தார்களா என்று பழைய பெட்டியைத் தேடுங்கள். விதிகளும் தேதிகளும் வருடா வருடம் மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மகளுக்கு இயந்திரங்களில் ஆர்வம் இருந்தால் பி.எஸ்.டி.சி.க்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். நீங்கள் வேலைக்குப் போகிற வழிதான்.

கேள்வி: எனக்குப் பட்டமும் இல்லை, உபகாரச் சம்பளமும் வாங்கியதில்லை. முப்பது வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றேன். பிள்ளைகளுக்கு வழிகாட்ட எனக்கு என்ன தகுதி?
(வாசகர், பாயான் பாரு)

பதில்: முப்பது வருடம்தான் தகுதி, அண்ணே. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளிடம் பேச டாக்டரையும் வக்கீலையும் மேடையேற்றுகிறோம். அந்தப் பிள்ளை கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் 'அது எனக்கில்லை' என்று படுத்துவிடும். பழுதான இயந்திரத்தை நள்ளிரவில் சரிசெய்து, அந்தச் சம்பளத்தில் வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்த ஒருவரை அவன் பார்க்க வேண்டும். தொழில்திறன் கல்விக்கு நம்மிடையே இருக்கிற மட்டமான பார்வையை மாற்ற உங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

கேள்வி: சரி, சனிக்கிழமை காலையில் எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
(முன்னாள் உபகாரச் சம்பள மாணவி, கணக்காய்வாளர், பாயான் பாரு)

பதில்: புதிதாகச் சங்கம் பதிவு செய்யாதீர்கள், சின்னம் வரையாதீர்கள். சுங்கை ஆரா தமிழ்ப்பள்ளிக்கோ பாயான் லெப்பாஸ் தமிழ்ப்பள்ளிக்கோ போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். அடுத்த வருடம் படிவம் ஒன்றுக்குப் போகிற பிள்ளைகளில் வீட்டில் படித்தவர் துணை இல்லாத ஒரு பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோரைச் சந்தித்துச் சம்மதம் வாங்குங்கள். சந்திப்பு எப்போதும் பள்ளியிலோ நூலகத்திலோ, நாலு பேர் கண்ணெதிரே இருக்கட்டும். முதல் சந்திப்பில் அறிவுரை வேண்டாம். பிள்ளைக்கு எந்தப் பாடம் பிடிக்கும், எதைக் கண்டால் பயம் என்று கேட்டுக்கொண்டு வந்தால் போதும்.

அந்தப் பிள்ளை எஸ்.பி.எம். எழுதும்வரை விடாதீர்கள். நடுவில் வேலை மாறலாம், கல்யாணம் ஆகலாம். போக முடியாத நிலை வந்தால் உங்கள் இடத்துக்கு இன்னொருவரைப் பிள்ளைக்கு அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அரைகுறையாக விட்டுப்போன பெரியவர்களை அந்த வயதுப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

இதைப் படிக்கிற மற்ற முன்னாள் உபகாரச் சம்பள மாணவர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள். இந்த மாதமே ஒரு பள்ளிக்குப் போங்கள். போய்வந்து எனக்கு எழுதுங்கள், அடுத்த கேள்வி-பதிலில் முதல் இடம் உங்களுக்கு.